தலைவிளக்கும் ரப்பர் சப்பாத்தும்

விடிந்தும் விடியாத நேரம். ஜொகூரின் தங்காக் வட்டாரத்துச் சாகிலில், குனோங் லேடாங் அடிவாரத்துப் பதிவு முகப்பில் ஒரு நீளமான தாளை நீட்டினார்கள். பையில் இருப்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். பிஸ்கட் எத்தனை பாக்கெட், மிட்டாய் எத்தனை, தண்ணீர்ப் போத்தல் எத்தனை, பிளாஸ்டிக் பை எத்தனை. இறங்கி வரும்போது ஒவ்வோர் உறையையும் எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் தண்டம் கட்ட வேண்டும்.

எனக்கு முன்னால் நின்ற அக்கா பையைப் பிரித்து மேசையில் பரப்பினார். நாசி லெமாக் பொட்டலம் இரண்டு, மைலோ நான்கு, ஒரு தைலப் புட்டி, கட்டுத்துணி, கத்தரி. எந்த ஆஸ்பத்திரியிலோ வேலை பார்ப்பவர் என்பது அந்தக் கட்டுத்துணியை மடித்து வைத்திருந்த நேர்த்தியிலேயே தெரிந்தது. கேட்டேன். ஆமாம், மிஸ்ஸிதான், தாதி. முந்தின நாள் ராத்திரி ஷிஃப்ட் முடித்து, பகலில் தூங்கி எழுந்து, அதிகாலையில் காரைக் கிளப்பி வந்திருக்கிறார்.

“இவ்வளவு அலுப்போட எதுக்குக்கா மலை ஏறணும்?”

“வார்டுல ராத்திரி முழுக்க மிஸ்ஸி, மிஸ்ஸின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, தம்பி. வீட்டுக்குப் போனா அம்மா, அம்மா. இங்க நாலு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்குத்தான்.”

சொல்லிவிட்டு, குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டார். கறுப்பு ரப்பர் சப்பாத்து. ஒரே வார்ப்பு, அடியில் முள் முள்ளாகப் பற்கள். ‘கம்போங் அடிடாஸ்’ என்று நாடே செல்லமாகக் கூப்பிடும் சப்பாத்து. பெரிய கம்பெனி மலைச் சப்பாத்து வாங்கும் விலையில் இதில் பல ஜோடி வாங்கிவிடலாம். பாசி பிடித்த வேரிலும் ஈரப் பாறையிலும் வழுக்காது. சேற்றில் மூழ்கினாலும் கழுவித் தட்டினால் காய்ந்துவிடும். இந்நாட்டு மலைகளை நன்கு அறிந்த வழிகாட்டிகள் பலர் இதைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

“இது எங்க பாட்டி பால் வெட்டப் போனப்ப போட்டது தம்பி” என்றார் அக்கா. “அதே ஜோடி இல்ல. அதே மாதிரி.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. சிகாமட், லாபிஸ், குளுவாங், தங்காக் என்று இந்த மாநிலத்தின் வயிற்றுப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் பால்மரக் காடு. இருட்டிலேயே பெரட்டு, பெயர் கூப்பிடும் வரிசை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் கத்தியுமாக நிரையில் இறங்கி, மரத்துக்கு மரம் நடந்து, வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் ஓடும், அதனால்தான் அந்த அவசரம். மேடு பள்ளம், அட்டை, மழை எதையும் பார்க்க முடியாது. அந்த நடையை யாரும் விளையாட்டு என்று சொன்னதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் காலியாகி, பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள், அதே இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி, அதே ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தங்கள் ஆசைக்காக மலை ஏறுகிறார்கள். பாட்டிக்குக் கிடைக்காத ஒன்று பேத்திக்குக் கிடைத்திருக்கிறது: தானே தேர்ந்தெடுத்த களைப்பு.

ஜொகூரில் மலைக்குப் பஞ்சமில்லை, உயரத்துக்குத்தான் பஞ்சம். லேடாங் 1,276 மீட்டர், இதுதான் மாநிலத்தின் உச்சி. குளுவாங் பக்கத்து பெலுமுட் ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. கூலாய் வட்டாரத்து பூலாய் 654 மீட்டர். குளுவாங் நகரத்தின் தோளிலேயே சாய்ந்திருக்கும் லம்பாக் 510 மீட்டர்தான். ஆனால் இந்த லம்பாக்கைப் பார்க்க வேண்டியது விடுமுறைக் காலையில். கோப்பிக் கடைக்குப் போவதுபோல் ஊரே ஏறிக்கொண்டிருக்கும். பணி ஓய்வு பெற்ற வாத்தியார், லாரி ஓட்டுநர், இடைநிலைப்பள்ளிப் பிள்ளை, முட்டிவலிக்கு டாக்டர் சொன்னதால் வந்த ஆச்சி. பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவர்களிடம் “இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்று எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு மலை என்பது கணக்குப் போட்டுப் பிடிக்க வேண்டிய நேரம். நாலு மணிக்கு எழுந்து, மோட்டாரில் ஏறி, சோதனைச் சாவடி வரிசையில் நின்று, பொழுது சாய்ந்து திரும்பி வருகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் சொந்தம். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். கணவனுக்கு அங்கே வேலை, மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடம் என்றால் இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றே. 2025 ஜனவரி 1 முதல் இங்கும் சனி, ஞாயிறு என்று மாறிய பிறகுதான் பல குடும்பங்கள் சேர்ந்தாற்போல் இரண்டு நாளைப் பார்த்தன. அரசு அறிவிப்பாக வந்த ஒன்று மலை ஏறும் கால்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

லேடாங்கை ஏழு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறத்தாழ எவரெஸ்ட் உயரம் வரும். 1997 மே 23. அந்த உச்சியில் மலேசியக் கொடியை முதன்முதலில் ஏற்றிய இருவரும் தமிழர்கள். எம். மகேந்திரன் முதலில் போய்ச் சேர்ந்தார்; சில நிமிடங்களில் என். மோகனதாஸ். மின்னல் எஃப்எம்முக்கு அப்போது வானொலி 6 என்று பெயர். செய்தியில் அந்த இரண்டு பெயர்களும் வந்தபோது எங்கள் வீட்டில் அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். மலையேற்றம் என்றால் என்னவென்றே தெரியாத வீடு அது. நம்ம ஆள் என்பது மட்டும் தெரிந்தது.

பனி பெய்யாத நாடு. நாட்டின் ஆக உயர்ந்த கினபாலுவே 4,095 மீட்டர். எவரெஸ்ட்டின் அடிவார முகாம் அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. நம் மலைகள் கற்றுத்தருவது வெயிலையும் வியர்வையையும் சுமையையும். குளிரையும் காற்றின் மெலிவையும் கற்க நேப்பாளத்துக்குத்தான் போக வேண்டும். எவரெஸ்ட் உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த இடத்துக்கு, வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த இரண்டு உடல்கள் போய்த் திரும்பின.

அவர்களுக்கு ‘டத்தோ’ பட்டம் வந்து சேர்வதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தத் தாமதத்தை நம் சமூகம் ஒரு மனக்குறையாகவே சுமந்து வந்தது; அது நியாயமான மனக்குறை. ஆனால் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அது நம் மீதே. பட்டம் கொடுத்தார்களா என்று கேட்டோம். எவ்வளவு உயரம், எத்தனை நாள், எவ்வளவு குளிர் என்று கேட்டோம். அவர்கள் மலைக்குப் போயிருந்த நாள்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, யார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்த பிறகு சாதாரணத் திங்கட்கிழமைக் காலை எப்படி இருந்தது என்று நாம் கேட்கவில்லை. சிகரத்தில் ஒருவர் நிற்பது சில நிமிடம். மற்ற ஆயுள் முழுக்க அவர் கீழேதான் வாழ்கிறார்.

அந்த மே 23 என்ற தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் முதல் எவரெஸ்ட் பெண்மணி பச்சேந்திரி பால் உச்சி தொட்டதும் மே 23தான், 1984இல். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் என்று கொண்டாடப்படும் முத்தமிழ்ச்செல்வி ஏறியதும் மே 23, 2023இல். இதில் சோதிடம் ஏதும் இல்லை. ஆண்டில் பெரும்பகுதி அந்தச் சிகரத்தின் மேல் சூறைக்காற்று ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கும். பருவமழை நெருங்கும்போது அந்தக் காற்றோட்டம் வடக்கே விலகும். அந்த விலகலுக்கும் மழைக்கும் நடுவே, மே இரண்டாம் பாதியில், சில நாள் வானம் வழிவிடும். அந்தச் சில நாளுக்காகத்தான் இத்தனை பேர் இத்தனை வருடம் உழைக்கிறார்கள்.

முத்தமிழ்ச்செல்வி விருதுநகர் மாவட்டத்துப் பெண். சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். கரிசல் மண்ணில் பிறந்து, கடலோர நகரத்தில் குடித்தனம் நடத்தி, மூன்று வகை எழுத்துகளில் எழுதப்படும் ஒரு மொழியைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பவர் பனிமலைக்குப் போனது எப்படி என்று வியப்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். மொழி வாத்தியார் வேலையும் மலையேற்றமும் ஒரே பொறுமையைக் கேட்பவை. இன்று பத்து எழுத்து, நாளை பத்து எழுத்து. மறந்துபோனால் திரும்பவும் முதலிலிருந்து. எவரெஸ்ட்டிலும் அப்படித்தான்: ஒரு முகாம் மேலே ஏறு, இறங்கு, உடம்பு பழகட்டும், மறுபடி ஏறு.

அதே 2023 மே மாதம், அவருக்குச் சில நாள் முன்னால், கோவளம் மீனவக் கிராமத்து இளைஞர் ராஜசேகர் பச்சை உச்சிக்குப் போயிருந்தார். அவர் அலைச்சறுக்குப் பயிற்சியாளர். கடல்மட்டத்தில், கடலுக்குள்ளேயே பிழைப்பு. அலைமேல் நிற்கத் தெரிந்தவனுக்கு, காத்திருக்கத் தெரியும். எந்த அலையை விட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பது தெரியும். அந்த அறிவு மலைக்கும் செல்லும். நெய்தலில் பிறந்தவன் குறிஞ்சிக்குப் போகக் கூடாது என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லையே.

இலங்கையிலும் இதே கதை வேறு நிறத்தில். அந்நாட்டிலிருந்து முதலில் எவரெஸ்ட் ஏறிய ஜயந்தி குரு உதும்பால பெண்ணுரிமைப் பணியாளர். 2016 மே 21 அன்று உச்சி தொட்டார். அவரோடு கிளம்பிய யொஹான் பீரிஸ் சிகை அலங்காரக் கலைஞர். இன்னும் சுமார் 400 மீட்டர் இருக்கையில் அவர் திரும்ப வேண்டியதாயிற்று. ஊருக்கு வந்தார், மறுபடி கத்தரியையும் சீப்பையும் எடுத்தார், வேலை பார்த்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2018 மே மாதம், விட்ட 400 மீட்டரை முடித்தார். இந்த இருவரில் என் மனம் அதிகம் நிற்பது பீரிஸிடம்தான். நாடே வழியனுப்பிவைத்த ஒருவர், உச்சியைத் தொடாமல் ஊர் திரும்பி, மறுநாள் கடையைத் திறந்து வாடிக்கையாளரின் பின்னால் நிற்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். பத்திரிகைகள் அந்தத் தைரியத்துக்கு அட்டைப்படம் போடுவதில்லை.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஜப்பானின் ஜுங்கோ தபே. எவரெஸ்ட்டில் ஏறிய உலகின் முதல் பெண், 1975 மே 16. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் பனிச்சரிவு அவர்கள் முகாமை மூடி, அவரைப் பனிக்கடியிலிருந்து இழுத்தெடுத்தார்கள். அந்தப் பயணத்துக்குக் காசு சேர்க்கப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். பழைய கார் இருக்கை உறையை வெட்டிக் கையுறைக்கு மேலுறை தைத்தார்கள். வீட்டில் மூன்று வயது மகள். ‘பிள்ளையை வளர்க்காமல் மலைக்கா?’ என்ற பேச்சு அங்கேயும் உண்டு. எல்லாம் முடிந்து, அறுபது வயதை எட்டும் பருவத்தில், மறுபடி பல்கலைக்கழகத்துக்குப் போய் மாணவியாக உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஏறுகிறவர்கள் எவரெஸ்ட்டில் விட்டுவரும் குப்பை. லேடாங் முகப்பில் அந்த நீளமான தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தபேயின் நினைவு வரும். உலகத்தின் உச்சியைத் தொட்டவர் கடைசியில் எண்ணியது டப்பாக்களையும் உறைகளையும்.

லேடாங்குக்கு வந்தவர்களிலும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து மலாய்க்காரத் துணையாட்களோடு இந்த மலைக்கு வந்தார். வெள்ளைக்காரர்கள் அப்போது இதை ஓஃபிர் மலை என்று அழைத்தார்கள். மனிதருக்கு உச்சிமேல் கண் இல்லை. வண்டும் பட்டாம்பூச்சியும் பெரணியுமே ஆசை. பாறைத் தளத்தில் முகாம் போட்டு, அரிய பெரணிச் செடிகளைக் கண்டு மகிழ்ந்ததைத் தம் நூலில் எழுதிவைத்தார். ஆர்கஸ் என்னும் பெரிய காட்டுக்கோழி கூவுவது கேட்டுக்கொண்டே இருந்தும் அதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, காய்ச்சலில் கிடந்தபோது, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற விடை அவருக்குப் பிடிபட்டது. அதை டார்வினுக்கு எழுதி அனுப்பினார். எங்கள் மலையின் பெரணியும் வண்டும் அந்தச் சிந்தனைக்குப் போன வழியில் இருந்தவை. மலைக்கு வருகிறவன் மலையைத் தவிர இன்னொன்றையும் நேசிக்கிறான் என்பதற்கு இது ஜொகூரின் ஒரு பழைய சாட்சி.

மலையின் மற்றொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். ‘ரவி எவரெஸ்ட்’ என்று அறியப்படும் டி. ரவிச்சந்திரன் பனிக்கடியில் விரல்களைப் பறிகொடுத்தவர். கடுங்குளிரில் உடம்பு, இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காகக் கை கால் நுனிகளுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிக்கொள்ளும், நுனி செத்துப்போகும். விரல் போன பிறகும் அவர் மலையை விடவில்லை. சட்டைப் பொத்தானைப் போடுவதிலிருந்து சாப்பாட்டைப் பிசைவது வரை எல்லாவற்றையும் ஒரு மனிதன் திரும்பக் கற்க வேண்டியிருக்கும் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் மலேசியரான மயக்க மருந்து நிபுணர் சின் வுய் கின் அன்னபூர்ணா உச்சிக்குப் போய் இறங்குகையில் பின்தங்கி, ஒரு நாளுக்கு மேல் பனியில் தனியே கிடந்து, மீட்கப்பட்ட பிறகு மே 2 அன்று சிங்கப்பூரில் காலமானார். மற்றவர்களின் மூச்சைக் காவல் காப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அவர்.

நம் ஊர்க் குன்றுகளும் சாதுவல்ல. 2001 டிசம்பர் கடைசியில் வாமெய் புயல் தென் ஜொகூரைத் தாக்கியபோது பூலாய் மலையிலிருந்து சேறும் மரமும் பாறையும் பெருக்கெடுத்து உயிர்களைக் கொண்டுபோயின. லேடாங்கில் இரும்பு ஏணிகளும் கயிறுகளும் இருக்கின்றன. மழை வந்தால் பாதையே ஓடையாகும். வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏறவிட மாட்டார்கள். அது சரியான விதி. ‘மலிம் குனோங்’ என்று மலாயில் அழைக்கப்படும் அந்த வழிகாட்டிகளும் மலை வீரர்களே. நாம் வருடத்துக்கு ஒரு தடவை ஏறி, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் போடுகிற பாதையை அவர்கள் வாரத்துக்கு வாரம் ஏறுகிறார்கள், அடுத்தவரின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

அன்று நாங்கள் உச்சியில் இருந்தது அரை மணி நேரம்கூட இல்லை. மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்து நாசி லெமாக்கைப் பிரித்தார். பாதியை என்னிடம் நீட்டினார். சாப்பிட்டு முடித்து, தாளை மடித்து, நெத்திலி ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கையும் மடித்துப் பையின் ஓரத்தில் செருகினார். இறங்கும் வழியில் கூட வந்த பையன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. மிஸ்ஸி உடனே மண்டியிட்டு, தைலம் தடவி, காலையில் எழுதிக் கொடுத்த அந்தக் கட்டுத்துணியைச் சுற்றினார். மற்ற எல்லோரும் அவரை ‘மிஸ்ஸி, மிஸ்ஸி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முகப்பில் எண்ணினார்கள். மைலோ உறை நான்கு, பொட்டலத் தாள் இரண்டு. கட்டுத்துணி ஒன்று குறைந்தது. அக்கா பையனின் காலைக் காட்டினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். மறுநாள் மிஸ்ஸிக்குக் காலை ஷிஃப்ட்.

ஜொகூர்த் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற மே 23 காலைச் சபைகூடலில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மகேந்திரன், மோகனதாஸ் என்ற இரண்டு பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே மலை ஏறும் ஒரு மிஸ்ஸியோ, லாரி ஓட்டுநரோ, வாத்தியாரோ இருப்பார்; அவரை மேடைக்கு அழையுங்கள். எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்று கேட்க வேண்டாம். மற்ற ஆறு நாள் என்ன செய்கிறீர்கள் என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.